சக்கர நாற்காலியும் தேர்வு மண்டபமும்

ஆலங்காயத்தைச் சூழ்ந்த சிற்றூர்களிலிருந்து கல்லூரிக்குச் செல்லும் மாணவர்கள், விண்ணப்பம் எழுத உதவி நாடி இன்றும் என்னிடம் வருவதுண்டு. பார்வை மங்கியவர், விரல் மடங்காதவர், காது கேளாதவர் எனப் பலர். அவர்கள் வேண்டுவது சலுகையா, உரிமையா? இவ்வினாவுக்கு விடை தேட நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை, நேயர்களே. நம் வேலூரிலிருந்தே தொடங்கலாம்.

1954-ஆம் ஆண்டில், வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய இளம் மருத்துவர் மேரி வர்கீஸ், வாகன விபத்தொன்றில் முதுகுத்தண்டில் அடிபட்டு, நடக்கும் ஆற்றலை அறவே இழந்தார். நிற்க இயலாதவர் அறுவை மருத்துவம் செய்வது எங்ஙனம் என்று கூறி அவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தால், உலகம் அதனை இயல்பென்றே கொண்டிருக்கும். ஆனால் தொழுநோயால் முடங்கிய கைகளைச் சீராக்கும் அறுவையை அமர்ந்தவாறே செய்யலாம் அன்றோ? டாக்டர் பால் பிராண்ட் அவ்வழியில் அவரை ஊக்கினார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே அம்மையார் அப்பணியைச் செய்து காட்டினார். நிற்பது அத்தொழிலின் வழக்கமேயன்றி அதன் உயிர் அன்று. பின்னர் அமெரிக்கா சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பிய அவர், 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் ஒன்றையும் தோற்றுவித்தார்.

வேலூரில் நல்லெண்ணத்தால் நிகழ்ந்ததைச் சட்டம் கடமையாக்கப் பல்லாண்டுகள் ஆயின. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் முதற்படி. 2016-ஆம் ஆண்டுச் சட்டமோ 21 வகைக் குறைபாடுகளை ஏற்று, உயர்கல்வியில் 5 விழுக்காட்டு இடங்களை ஒதுக்கி, ஒவ்வொருவர் தேவைக்கும் ஏற்ற நியாயமான மாற்றங்களைச் செய்து தரவும் பணித்தது.

ஆயினும் அலுவலக மேசைகளில் 40 என்னும் எண்ணே ஆட்சி புரிந்தது. என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர், கை நடுக்கம் காரணமாகக் கூடுதல் நேரம் வேண்டினார். சான்றிதழில் 40 விழுக்காடு இல்லையென்று ஒரு கல்லூரி மனுவைத் திருப்பிவிட்டது. அவ்வெண் இடஒதுக்கீட்டுக்கு உரிய வரம்பு. நடுங்கும் கைக்கு அது என்ன விடை கூறும்?

எழுதுகையில் கை இழுத்துக்கொள்ளும் நோயுடைய விகாஷ் குமார் என்பவர், குடிமைப் பணித் தேர்வுக்கு எழுத்துதவியாளர் வேண்டித் தொடுத்த வழக்கில், 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இக்குழப்பத்தைத் தீர்த்தது. 40 விழுக்காடு இல்லை என்பது மட்டும் உதவியை மறுக்கக் காரணமாகாது என்றது. அதன் பயனாக 2022 ஆகஸ்டில், 40-க்குக் குறைந்த குறைபாட்டால் எழுத இடர்ப்படுவோர்க்கும் தனி நெறிமுறைகள் வெளியாயின. மருத்துவச் சான்று தருபவர்க்கு எழுத்துதவியாளர் உண்டு. மணிக்கு 20 நிமிடம் மிகுதி நேரமும் உண்டு. மூன்று மணித் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடும்.