டபுள் எக்ஸ்எல் தருவைகுளம் வந்த வழி

தூத்துக்குடிக்கு வடக்கே இருக்கிற மீனவ ஊர் தருவைகுளம். அதன் தெருக்களில் வெயில் ஏறும் நேரத்தில் கொடியெல்லாம் நைட்டிதான். கழுத்துக்குப் பின்னால் விரல் நகம் அளவுக்கு ஒரு பட்டைத் துணி தைத்திருக்கும். ஒன்றில் எக்ஸ்எல், அடுத்ததில் டபுள் எக்ஸ்எல். இரண்டையும் தரையில் விரித்து ஒன்றன்மேல் ஒன்று போட்டால், எக்ஸ்எல் அகலமாகவும் டபுள் எக்ஸ்எல் ஒடுக்கமாகவும் இருப்பது இங்கே யாருக்கும் அதிசயமில்லை. இரண்டையும் உடுத்துவது ஒரே பெண். உடம்பு மாறவில்லை, எழுத்து மட்டும் மாறியிருக்கிறது. அந்த எழுத்து எந்த இடத்தில் துணியோடு ஒட்டியது என்று தேடினால் இரண்டாயிரம் கிலோமீட்டர் வடக்கே போய்த் திரும்ப வேண்டியிருக்கிறது.

நைட்டித் துணி பிறப்பது பெரும்பாலும் விசைத்தறியில். பல்லடம், சோமனூர், ஈரோடு வட்டாரங்களில் நெய்கிற காடாத் துணியில் கணிசமான பங்கு சாயத்துக்கும் அச்சுக்கும் வடக்கே போகிறது. தறிக்காரருக்கு எக்ஸ்எல் தெரியாது. அவருக்குத் தெரிந்த அளவுகள் இரண்டு: பன்னா, அதாவது துணியின் அகலம், எத்தனை அங்குலம்; ஓர் அங்குலத்துக்கு ஊடை இழை எத்தனை. நூல் விலை ஏறி, துணி விலையை ஏற்ற முடியாமல் போனால் குறைவது இழை. கண்ணுக்குப் பட்டென்று தெரியாத இந்தக் குறைவு பின்னால் துவைக்கிற கல்லில்தான் வெளிப்படும். இழை நெருக்கமில்லாத துணி தண்ணீர் பட்டதும் சுருங்கிக்கொள்ள நிறைய இடம் வைத்திருக்கிறது.

காடா லாரியேறிப் போகிற ஊர்களில் முக்கியமானவை ராஜஸ்தானின் பாலோத்ரா, குஜராத்தின் ஜேத்பூர். நம் வீட்டு நைட்டியின் பூவும் இலையும் அங்கே அச்சாகின்றன. வெளுப்பது, சாயம் தோய்ப்பது, அச்சடிப்பது, காயவைப்பது என்று ஒவ்வோர் இயந்திரத்திலும் துணி இழுபட்டபடியேதான் நகர்கிறது. நனைந்த பருத்தி இழுத்த பக்கம் நீளும். அந்த நீட்டத்திலேயே காயவைத்துச் சுருட்டிவிட்டால், உள்ளே போன மீட்டரைவிட வெளியே வருகிற மீட்டர் கூடுதலாக இருக்கும். விற்பனை மீட்டர் கணக்கில் என்பதால் இந்தக் கூடுதலை வேண்டாமென்று யாரும் சொல்வதில்லை.

இதற்கு மாற்று வழி தெரியாமலில்லை. துணியை முன்கூட்டியே சுருக்கிவிடும் முறையை அமெரிக்காவில் சான்ஃபோர்டு கிளூவெட் 1930இல் கொண்டுவந்தார். பழைய பாப்ளின் துணிகளின் ஓரத்தில் 'சான்ஃபோரைஸ்டு' என்று முத்திரை பார்த்தவர்கள் இருப்பார்கள். அவர் பெயரிலிருந்து வந்ததுதான் அது. அப்படி முன்கூட்டியே சுருக்கினால் செலவு கூடும், மீட்டரும் குறையும். தெருவில் விற்கிற விலைக்கு அது கட்டுப்படியாகாது. சுருக்காமல் வருகிற துணி நூற்றுக்கு நான்கு பங்கு சுருங்கினால்கூட, 54 அங்குல நைட்டியில் இரண்டு அங்குலத்துக்கு மேல் போய்விடும். அதாவது அளவு எழுதப்படுவதற்கு முன்பே அந்த அளவிலிருந்து இரண்டு அங்குலம் கழிந்து கிடக்கிறது.

திரும்பி வருகிற துணி வெட்டுக்கும் தையலுக்கும் நிற்கிற ஊர்களில் ஒன்று தருவைகுளத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தருவைகுளம் இருக்கிற அதே ஓட்டப்பிடாரம் வட்டாரத்துப் புதியம்புத்தூர். 'குட்டி திருப்பூர்' என்று பத்திரிகைகள் எழுதுகிற ஊர். வீட்டுத் திண்ணை வரை தையல் மிஷின் ஓடும். குழந்தைகள் கவுன், உள்பாவாடை, நைட்டி என்று தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் ராத்திரி பகல் பார்க்காமல் வேலை நடக்கும்.

வெட்டுமேசையில் துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே அட்டை அச்சை வைத்துக் கோடு போட்டு, மின்கத்தியால் ஒரே ஓட்டில் அறுக்கிறார்கள். அளவு என்ற ஒன்று உண்மையில் தீர்மானமாவது இந்த மேசையில்தான். கட்டிங் மாஸ்டர் அச்சைச் சற்று நெருக்கி வைத்து, முன்பக்கத்திலும் பின்பக்கத்திலும் இரண்டிரண்டு அங்குலம் நீளத்தை மிச்சம் பிடித்தால் ஒரு நைட்டிக்கு நான்கு அங்குலம். ஆயிரம் நைட்டிக்கு நூறு மீட்டருக்கு மேல். ஒரு நைட்டிக்கு மூன்று மீட்டர் என்று வைத்துக்கொண்டால், முப்பதுக்கு மேற்பட்ட நைட்டிகள் சும்மா கிடைத்த மாதிரி. இது புதியம்புத்தூருக்கு மட்டும் உரிய வித்தையல்ல. மலிவு விலைக்கு ஆயத்த ஆடை வெட்டுகிற உலகத்து மேசைகள் எல்லாவற்றிலும் இருக்கிற ஆசை.

இன்னொரு சிக்கல் அச்சிலேயே இருக்கிறது. ஓர் அளவுக்குத்தான் உடம்பு பார்த்து அச்சு வெட்டுவார்கள். மற்ற அளவுகள் அதிலிருந்து படிப்படியாகப் பெருக்கியவை. மார்புச் சுற்றைக் கூட்டும்போது தோளும் கழுத்தும் கூடவே விரிகின்றன. பெண் உடம்பு அப்படி விரிவதில்லை. இரண்டு பிள்ளை பெற்றவளுக்கு இடுப்பும் வயிறும் கூடியிருக்கும், தோள் பத்தொன்பது வயதில் இருந்த இடத்திலேயே இருக்கும். டபுள் எக்ஸ்எல் நைட்டி வயிற்றில் சரியாக நின்று தோளில் நழுவுவதும், கழுத்தை ஊக்கு குத்திச் சுருக்கிக்கொள்வதும் இதனால்தான்.

வெட்டி, தைத்து, ஓரம் அடித்து, எல்லாம் முடிகிற நேரத்தில் அந்தப் பட்டைத் துணி வந்து கழுத்தில் உட்காருகிறது. எக்ஸ்எல் என்றால் மார்புச் சுற்று 44 அங்குலமா, 46 அங்குலமா, 48 அங்குலமா என்று கட்டாயப்படுத்துகிற அளவுகோல் கிடையாது. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு அட்டவணை. அளவைச் சொல்ல வேண்டிய எழுத்து, அளவு முடிவான பிறகு கடைசியாக வருகிறது.

அளவுக்கு ஒரு பொது அட்டவணை போட முயன்றவர்கள் உண்டு. அமெரிக்க வேளாண்மைத் துறையின் மனையியல் பிரிவில் ரூத் ஓ பிரையன், வில்லியம் ஷெல்டன் இருவரும் 1939, 1940 ஆண்டுகளில் ஏறத்தாழ 15,000 பெண்களை அளந்தார்கள். ஒவ்வொருவரிடமும் எடை உட்பட 59 அளவுகள். வெள்ளையரல்லாத பெண்களின் அளவுகளைக் கணக்கிலிருந்து ஒதுக்கிவிட்டார்கள். 1941இல் வெளியான அந்த ஆய்வை அடிப்படையாக வைத்து 1958இல் ஒரு வணிகத் தரம் வந்தது. அதன்படி 8ஆம் எண் உடைக்கு மார்பு 31 அங்குலம், இடுப்பு இருபத்து மூன்றரை அங்குலம். தரத்தைப் பின்பற்றச் சட்டக் கட்டாயம் இல்லை. எண் சிறியதாக இருந்தால் வாங்குகிறவள் மகிழ்கிறாள் என்று கடைகள் கண்டுகொண்டன. உடையின் சுற்றளவு கூடக் கூட எண்ணைக் குறைத்துக்கொண்டே போனார்கள். 1970இல் தரத்தைத் திருத்தினார்கள், 1983இல் கைவிட்டார்கள். அன்றைய 8ஆம் எண் உடம்புக்கு இன்று அமெரிக்கக் கடையில் பொருந்துகிற எண் தேடினால் பூஜ்யத்துக்கும் கீழே போக வேண்டும்.

நம் நைட்டிச் சந்தையில் நடப்பது இதற்குத் தலைகீழ். இங்கே நைட்டியை யாரும் மெலிந்த தோற்றத்துக்காக வாங்குவதில்லை. மீன் ஏலத்துக்கு ஓடவும், குடம் தூக்கவும், பிள்ளையை இடுப்பில் வைக்கவும், புழுக்கத்தில் படுக்கவும் தோதாகத் தாராளம் வேண்டும். கொடுத்த காசுக்குத் துணி கூடுதலாகக் கிடைத்ததா என்பதும் ஒரு கணக்கு. ஆகவே எழுத்து பெரிதாக இருந்தால்தான் சரக்கு போகிறது. துணியோ விலையின் நெருக்கடியில் குறைந்துகொண்டே வருகிறது. எல் என்று விற்றது எக்ஸ்எல் ஆகிறது, எக்ஸ்எல் டபுள் எக்ஸ்எல் ஆகிறது. அமெரிக்கக் கடை பெண்ணின் கூச்சத்தை நம்பி எண்ணைக் குறைத்தது, நம் சந்தை அவளுடைய சிக்கனத்தை நம்பி எழுத்தைக் கூட்டுகிறது. இரண்டு இடத்திலும் பட்டைத் துணி சொல்வது அவள் எதைக் கேட்டால் வாங்குவாள் என்பதைத்தான். உடையின் அளவு வேறு எங்கோ இருக்கிறது.

தருவைகுளத்துக்குத் தெற்கே தூத்துக்குடித் துறைமுகத்தில் இன்னொரு வகைப் பட்டைத் துணிகள் கப்பலேறுகின்றன. திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளின் கண்டெய்னர்களுக்கு இது ஒரு வாசல். உள்ளே மடித்திருக்கும் பெண்கள் உடையில் பல நாட்டு எழுத்தும் வரிசையாக இருக்கும். பிரிட்டனில் 12 என்பதை அமெரிக்கா 8 என்கிறது, ஜெர்மனி 38 என்கிறது, பிரான்ஸ் 40 என்கிறது. சீனாவுக்கான வரியில் மட்டும் 160/84ஏ என்பது போல இருக்கும்: உயரம் 160 சென்டிமீட்டர், மார்பு 84 சென்டிமீட்டர், ஏ என்பது இடுப்பு எவ்வளவு ஒடுங்கிய உடல்வாகு என்பதற்கான குறி. படித்தவுடன் உடம்பு தெரிகிற அளவு அந்த வரிசையில் அது ஒன்றுதான். ஏற்றுமதிச் சரக்கில் அட்டவணை அனுமதிக்கிற எல்லையைத் தாண்டி அளவு கூடினாலும் குறைந்தாலும் செக்கிங்கில் தனியே எடுத்து வைப்பார்கள். வெளிநாட்டுக்காரர் அளவு கேட்கிறார், அளந்து கொடுக்கிறோம். உள்ளூர்க்காரி எழுத்தைக் கேட்கிறாள், எழுத்தைக் கொடுக்கிறோம்.

நைட்டி தருவைகுளத்துக்கு வந்து சேர்வது தூத்துக்குடிக் கடைகளிலிருந்தோ, அந்த ஊர்ப் பனிமய மாதா திருவிழாச் சமயத்துத் தெருக்கடையிலிருந்தோ, ஊருக்குள் வருகிற வண்டியிலோ. வண்டியைச் சுற்றிக் கூட்டம் நிற்கும்.

"யக்கா, இது டபுள் எக்ஸ்எல்லு. தாராளமா இருக்கும்."

"போன தடவையும் இதத்தான சொன்ன. ரெண்டு தொவப்புல கெண்டக்காலுக்கு ஏறிட்டு."

"அது வேற கம்பெனிக்கா."

அவன் சொல்வது பொய்யுமல்ல. கேட்டவளும் பட்டைத் துணியைப் பார்ப்பதில்லை. தோளில் வைத்து நீளம் பார்க்கிறாள், கைக்குழிக்குள் முழங்கையை விட்டுப் பார்க்கிறாள், பக்கத் தையலைத் திருப்பி உள்ளே துணி விட்டிருக்கிறார்களா என்று பார்க்கிறாள். உள்ளே துணி இருந்தால் நாளை பிரித்து விடலாம். அளவு இல்லாத சந்தையில் பெண்கள் தாங்களாகவே கற்றுக்கொண்ட பரிசோதனை இது.

இந்த அறிவு தையற்கடையில் வளர்ந்தது. ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும்போது எண்ணும் எழுத்தும் சொன்னதில்லை; பொருந்துகிற பழைய ஜாக்கெட் ஒன்றைத் துணியோடு சேர்த்துக் கொடுப்பார்கள். அளவு ஜாக்கெட் என்பது அந்த ஒருத்தியின் உடம்புக்கு மட்டும் செல்லுபடியாகிற அளவுகோல். அதை வைத்துத் தைத்தது பிடிக்காவிட்டால் திரும்பப் போய்ச் சண்டை போடலாம். நைட்டி அந்தத் தையற்காரரை வேண்டாமென்று ஆக்கியது. இன்று அதே நைட்டியைப் பிடித்துத் தைக்கவும் பிரித்து விடவும் அவரிடமே போக வேண்டியிருக்கிறது, கூலி தனி.

அளவு என்பது என்னவென்று தெரியாத ஊரல்ல இது. தருவைகுளத்துச் செவுள்வலைப் படகுகள் நாள்கணக்கில் ஆழ்கடலில் தங்கிப் பிடிப்பவை. வலை வாங்கப் போனால் கண்ணி எத்தனை மில்லிமீட்டர் என்றுதான் பேச்சு. 'பெரிய கண்ணி, ரொம்பப் பெரிய கண்ணி' என்று எழுதி ஒட்டிய வலையை எந்த மீனவரும் தொடமாட்டார். ஆண்களின் சட்டைக்கும் ஓரளவு அந்த மரியாதை உண்டு: காலர் வைத்த சட்டையில் 40 என்று போட்டிருந்தால் கழுத்துச் சுற்று 40 சென்டிமீட்டர். சுற்றுவட்டார உப்பளங்களில் வேலை செய்கிற பெண்கள் வெயிலுக்கும் உப்புக்கும் பயந்து சேலைமேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்கிறார்கள். அவர்கள் உடம்பில் இருப்பவற்றில் அளவைச் சென்டிமீட்டரில் சொல்கிற உடை பல நேரம் அந்த ஆண் சட்டைதான்.

இந்தியர்களின் உடம்புக்கென்று ஓர் அட்டவணை வேண்டும் என்று 'இந்தியா சைஸ்' திட்டத்தைத் தொடங்கியது தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனம். ஜவுளி அமைச்சகத்தின் ஆதரவோடு, 15 முதல் 65 வயது வரையிலான ஆண் பெண் 25,000 பேரை ஆறு நகரங்களில் முப்பரிமாணக் கருவியால் அளப்பது திட்டம். நல்ல வேலை. ஆனால் அமெரிக்கக் கதை சொல்வது, அட்டவணை இருந்தால் மட்டும் போதாது, அதன்படி எழுத வேண்டிய கட்டாயமும் வேண்டும் என்பது. அந்தக் கட்டாயத்தின் ஒரு நுனி நம் சட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது. பொட்டலப் பொருட்களுக்கான எடையளவு விதிகளில் 2022இல் செய்த திருத்தம், பிரித்து விற்கிற ஆயத்த ஆடைக்குப் பல அறிவிப்புகளிலிருந்து விலக்கு கொடுத்தது. கொடுக்கும்போதே, எஸ், எம், எல் போன்ற எழுத்தோடு சென்டிமீட்டரிலோ மீட்டரிலோ அளவையும் போட வேண்டும் என்றது. வண்டியில் வருகிற நைட்டியில் இதைத் தேடிப் பாருங்கள்.

தேடிக் கிடைக்காத வரைக்கும் டேப் நம் கையில் இருப்பதுதான் வழி. நைட்டியைத் தட்டையாக விரித்து, ஒரு கைக்குழியிலிருந்து மறு கைக்குழி வரை பிடித்து இரண்டால் பெருக்கினால் மார்புச் சுற்று. உங்கள் உடம்பின் சுற்றைவிட ஆறு அங்குலமாவது கூடுதலாக இருந்தால் வேலை செய்யத் தோது. தோளிலிருந்து நீளம் பிடித்து, முதல் துவைப்புக்கு இரண்டு அங்குலம் கழித்துக்கொள்ளுங்கள். விற்கிறவனிடம் "எக்ஸ்எல் இருக்கா" என்று கேட்காமல் "நாப்பத்தாறு இஞ்சு இருக்கா" என்று பத்துப் பெண்கள் கேட்டால், அடுத்த தடவை கொள்முதலுக்குப் போகும்போது அவனும் அதையே கேட்பான்; அந்தக் கேள்வி வெட்டுமேசை வரை போய்ச் சேரும்.