ஒருவருக்கான பங்கு

1998இல் இலண்டனில் தனி அறையில் நான் சமைக்கத் தொடங்கியபோது, ஒரு சட்டி கறி மூன்றாம் நாளே பழுதாகிக் குப்பைக்குப் போகும். அதைக் கண்ட அடுத்த வீட்டு மூதாட்டி தன் இளமைக்காலக் கணக்கை ஒருநாள் சொன்னார்.

பிரித்தானியாவில் உணவுப் பங்கீடு 1940 ஜனவரி 8இல் தொடங்கி, 1954 ஜூலையில்தான் முற்றாக முடிந்தது. அளவுகள் அவ்வப்போது மாறின. வளர்ந்த ஒருவருக்குக் கிழமைக்குப் பெரும்பாலும் பட்டர் 2 அவுன்ஸ், சீனி 8 அவுன்ஸ், தேயிலை 2 அவுன்ஸ், முட்டை ஒன்று. போர்க்காலத்தில் கட்டுப்பாடின்றிக் கிடைத்த பாணும் 1946 முதல் 1948 வரை பங்கீட்டுக்குள் வந்தது. எங்கள் ஊர்க் கூப்பன் அரிசியும் அதே போர்க்காலத்தில் பிறந்ததுதான்.

ஐந்து பெரியவர்கள் உள்ள வீட்டில் 10 அவுன்ஸ் தேயிலை சேரும். தனியாளோ 2 அவுன்சுடன் ஏழு நாளைக் கடத்த வேண்டும். அந்த அம்மாவும் தனியே இருந்த எதிர்வீட்டுத் தோழியும் தங்கள் பங்குகளைச் சேர்த்து, ஒரே பாத்திரத்தில் தேநீர் ஊற்றினார்களாம். இறைச்சியையும் அப்படியே ஒன்றாகச் சமைத்தார்களாம்.

"தனியாகச் சமைப்பதுதான் செலவு, பிள்ளை" என்றார்.

அடுத்த ஞாயிறு என் பருப்பும் அவரது உருளைக்கிழங்கும் ஒரே மேசைக்கு வந்தன. அவர் இருந்தவரை அந்த வழக்கம் நிற்கவில்லை.