தலைமடையும் கடைமடையும்: காவிரி வழக்கில் அமெரிக்க அரசமைப்பு நெறிகள்

1983ஆம் ஆண்டு காவிரிப் படுகை உழவர்களின் அமைப்பொன்று உச்ச நீதிமன்றத்தை நாடியது. தமிழ்நாடு காவிரி நீர்ப்பாசன விளைபொருள்கள் விவசாயிகள் நல உரிமைப் பாதுகாப்புச் சங்கம் என்பது அதன் நீண்ட பெயர். காவிரிப் பூசலைத் தீர்க்க நடுவர் மன்றம் அமைக்குமாறு மத்திய அரசைப் பணிக்க வேண்டும் என்பது அதன் வேண்டுகோள். ஏழாண்டுகள் கடந்தே, 1990 மே 4ஆம் நாள், அவ்வாணை கிடைத்தது; ஜூன் 2இல் மன்றம் அமைந்தது.

சமநிலையிலுள்ள இரு மாநிலங்கள் பூசலிட்டால் நடுவர் யார்? 1787இல் பிலடெல்பியாவில் உருவான அமெரிக்க அரசமைப்பு இதற்குத் தெளிவாக விடை கூறிற்று. மாநிலங்களுக்கிடையேயான வழக்குகளை நேரடியாக உச்ச நீதிமன்றமே விசாரிக்கலாம் என்றது அதன் மூன்றாம் உறுப்பு. நமது அரசமைப்பின் 131ஆம் உறுப்பும் அத்தகையதே. ஆயினும் ஆற்றுநீரை மட்டும் 262ஆம் உறுப்பு தனியே பிரித்து வைத்தது. அவ்வழக்குகளை நீதிமன்றங்களின் வரம்பிலிருந்து விலக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தந்தது. 1956இன் நதிநீர்ச் சட்டம் அவ்வாறே விலக்கி, நடுவர் மன்ற முறையை ஏற்படுத்தியது. உழவர் சங்கம் முதலில் கேட்டது தண்ணீரையன்று, நீதிபதியை என்பதன் காரணம் இதுவே.

அமெரிக்காவில் ஆர்கன்சா ஆற்றைக் குறித்துக் கான்சஸ், கொலராடோ மாநிலங்களுக்கிடையே எழுந்த வழக்கு ஈண்டு நோக்கத்தக்கது. தன் எல்லைக்குள் ஓடும் நீர் முழுவதும் தனக்கே என்றது தலைமடையிலிருந்த கொலராடோ. 1895இல் மெக்சிகோவுக்கு எதிராக அமெரிக்க அரசின் தலைமை வழக்கறிஞர் ஹார்மன் முன்வைத்த வாதமும் இதுவே. 1907இல் உச்ச நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. சமமான மாநிலங்களுக்குள் நீர் நியாயமாகப் பங்கிடப்பட வேண்டும் என்றது. அன்று கான்சஸ் வெல்லவில்லை. எனினும் அந்நெறி நிலைத்தது. 2018 பிப்ரவரி 16இல் நமது உச்ச நீதிமன்றம் காவிரியில் தீர்ப்பளித்தபோதும் நியாயப் பங்கீடே அடிப்படையாயிற்று.

இவ்விடத்தில் நமக்கு மதீனாவின் நினைவு எழுவது இயல்பு. ஹர்ராவின் வாய்க்கால் நீரைக் குறித்து ஸுபைர் இப்னு அவ்வாம் (ரலி) அவர்களுக்கும் அன்ஸாரி ஒருவருக்கும் ஏற்பட்ட வழக்கு ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ளது. மேலிருந்த ஸுபைர் தம் மரங்களுக்குப் பாய்ச்சிவிட்டு நீரை அண்டை வீட்டாருக்கு விட வேண்டும் என அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அவர் உங்கள் அத்தை மகன் என்பதாலா என்று அன்ஸாரி கேட்டுவிட்டார். அண்ணலாரின் திருமுகம் மாறியது. பின்னர், வரப்பை நீர் எட்டும்வரை தேக்கிக்கொள்ளும் முழு உரிமையையே ஸுபைருக்கு வழங்கினார்கள். முதலில் கூறியது இருவருக்கும் இணக்கமான வழி. பின்னர் கூறியதே சட்டம் என விளக்குவர் அறிஞர். தலைமடைக்கு முன்னுரிமை உண்டு, ஆனால் அதற்கு ஓர் அளவும் உண்டு. கணுக்கால் அளவு என்று மஹ்ஸூர் ஓடை குறித்த அறிவிப்பு வரையறுக்கிறது. அளவு கடந்தபின் நீரைத் தடுத்து வைக்க மேலுள்ளவருக்கு உரிமையில்லை.

தன் வழக்கில் தானே நீதிபதியாதல் கூடாது என்னும் நெறி 1991இல் சோதனைக்குள்ளாயிற்று. ஆண்டுக்கு 205 டி.எம்.சி. நீர் விடுமாறு ஜூன் 25இல் நடுவர் மன்றம் இடைக்கால ஆணையிட்டது. ஜூலையில் கர்நாடகம் அதனைச் செயலற்றதாக்க அவசரச் சட்டம் பிறப்பித்தது. குடியரசுத் தலைவர் கருத்துக் கேட்க, நவம்பர் 22இல் ஐந்து நீதிபதிகள் விடையளித்தனர். பிற்காலத்தில் தலைமை நீதிபதியான ஏ.எம். அஹ்மதியும் அவர்களுள் ஒருவர். தீர்ப்புக்கு அடிப்படையான சட்டத்தை மாற்றச் சட்டமன்றத்துக்கு அதிகாரமுண்டு. ஒரு குறிப்பிட்ட தீர்ப்பையே ரத்துச் செய்வது நீதித்துறையின் பணியைக் கைப்பற்றுவதாகும் என்றனர். அமெரிக்கர் போற்றும் அதிகாரப் பிரிவினை இங்கே கடைமடை வயலுக்கு அரணாக நின்றது. டிசம்பரில் ஆணை அரசிதழில் வெளியானதும் பெங்களூரில் தமிழர் தாக்கப்பட்டனர் என்பதையும் மறந்துவிட இயலாது.

ஆயினும் நீதித்துறை படையும் பணமும் இல்லாத துறை என்பதை ஹாமில்டன் 1788இலேயே சுட்டியிருந்தார். கான்சஸ் 1985இல் மீண்டும் வழக்காடி, கொலராடோ 1948ஆம் ஆண்டு உடன்படிக்கையை மீறியதை நிறுவிற்று. 2005இல் கொலராடோ 3.4 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு செலுத்தியது. கருகிய பயிருக்குக் காவிரிக் கடைமடை உழவர் அண்டை மாநிலத்திடமிருந்து அவ்வாறு இழப்பீடு பெற்றதில்லை. நம் ஏற்பாட்டின் பெருங்குறை இதுவென்றே கருதுகிறோம்.

2007 பிப்ரவரி 5இல் வந்த இறுதித் தீர்ப்பு அரசிதழில் ஏற 2013 பிப்ரவரி வரை காத்திருக்க நேர்ந்தது. அது கர்நாடகம் விட வேண்டிய நீரை 192 டி.எம்.சி. என்றது, 2018இல் உச்ச நீதிமன்றம் அதனை 177.25 ஆகக் குறைத்தது. அவ்வாண்டு ஜூன் 1இல் காவிரி நீர் மேலாண்மை ஆணையமும் அமைந்தது. எனினும் கிருஷ்ணராஜசாகரின் மதகுகள் கர்நாடகப் பொறியாளர்களின் கையிலேயே உள்ளன. அவர்கள் திறந்துவிடும் நீர் பிலிகுண்டுலுவில் கன அடிக் கணக்கில் அளக்கப்பட்டு, மேட்டூரில் தேங்கி, கல்லணை கடந்த பின்னரே கூத்தாநல்லூருக்கும் முத்துப்பேட்டைக்கும் வரவேண்டும்.