பெரிய டயரும் ஆக்ஸில் விகிதமும்: அமெரிக்கப் பிக்கப் வண்டிகளில் ஒரு நூற்றாண்டு மாற்றம்

தொழிற்சாலை போட்டுக் கொடுத்த 31 அங்குல டயரைக் கழற்றிவிட்டு 35 அங்குல டயர் மாட்டிய பிக்கப் வண்டி மேட்டில் திணறும். காரணம் எளிய கணக்குதான். பெரிய டயர் ஒரு சுற்றில் கூடுதல் தூரம் உருள்கிறது. அந்த அளவுக்கு இன்ஜினின் பிடி தளர்கிறது. ஆக்ஸில் விகிதம், அதாவது சக்கரம் ஒரு முறை சுழல அதை ஓட்டும் தண்டு எத்தனை முறை சுழல வேண்டும் என்ற எண், 3.55 என்று கொள்வோம். நேரடி கியரில் மணிக்கு 65 மைல் போகும்போது நிமிடத்துக்குச் சுமார் 2,500 சுற்று சுற்றிய இன்ஜின், புது டயரில் 2,215 சுற்றுக்கு இறங்கிவிடும். சுற்று குறைவது எரிபொருளுக்கு நல்லதுதானே என்று தோன்றலாம். ஆனால் டயர் தரையைத் தள்ளும் விசையும் 11 சதவீதம் குறைந்துவிடுகிறது. வேகமானியும் பொய் சொல்லும்: முள் 60-இல் நிற்கும்போது வண்டி கிட்டத்தட்ட 68-இல் ஓடிக்கொண்டிருக்கும்.

இழந்த இழுவையை மீட்க, பழைய விகிதத்தைப் புது டயரின் விட்டத்தால் பெருக்கிப் பழைய டயரின் விட்டத்தால் வகுக்க வேண்டும். இங்கே விடை 4.01, கடையில் கிடைப்பது 4.10. இந்த வாய்ப்பாடு நூறு ஆண்டுகளாக மாறவில்லை. மாறியது, அந்தச் சுமையை வண்டியின் எந்த உறுப்பு ஏற்றது என்பதுதான். அந்த மாற்றத்தையே இக்கட்டுரை தொடர்கிறது.

ஃபோர்டு மாடல் டி காரின் பின் ஆக்ஸிலில் கிரவுன் என்ற பெரிய பற்சக்கரத்துக்கு 40 பல், அதைச் சுழற்றும் சிறிய பினியனுக்கு 11 பல், விகிதம் 3.64. முன்னோக்கிப் போக இரண்டே கியர். 1917-இல் அதே இன்ஜினை ஒரு டன் சுமக்கும் மாடல் டிடி லாரியில் வைத்தபோது, கூடுதல் பாரத்தை ஆக்ஸிலே தாங்க வேண்டியிருந்தது. திருகுப்பல் அமைப்பு கொண்ட அந்த ஆக்ஸிலின் விகிதம் 7.25. வண்டி ஆமை வேகத்தில்தான் போகும், ஆனால் இழுக்கும். 1925-இல் ஃபோர்டு தன் தொழிற்சாலையிலேயே பிக்கப் உடல் கட்டி விற்கத் தொடங்கியது. அதே காலத்தில் ரக்ஸ்டெல் என்ற இருவேக ஆக்ஸிலும் ஃபோர்டு முகவர்களிடம் விற்பனைக்கு இருந்தது. பார வேலைக்கு ஒரு விகிதம், சாலைக்கு இன்னொரு விகிதம் என்ற தேவையை ஓட்டுநர்கள் அப்போதே உணர்ந்திருந்தார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

டயரும் விகிதமும் சேர்ந்தே மாறியதற்கு மிகத் தெளிவான உதாரணம் இரண்டாம் உலகப் போர்க்கால டாட்ஜ் வண்டிகள். அரை டன் ரகத்தில் 7.50-16 டயரும் 4.89 ஆக்ஸிலும் இருந்தன. 1942-இல் வந்த முக்கால் டன் ரகத்துக்கு 9.00-16 டயர் போட்டார்கள், ஆக்ஸில் 5.83 ஆனது. டயரின் விட்டம் எட்டில் ஒரு பங்குதான் கூடியது, விகிதமோ ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடியது. வாய்ப்பாடு கேட்டதைவிட அதிகமாகவே பொறியாளர்கள் கொடுத்தார்கள். சுமையும் ஏறியிருந்ததே அதற்குக் காரணம் என்பது என் கணிப்பு.

வில்லிஸ் ஜீப்பின் கதை இன்னும் சுவையானது. போர்க்கால எம்பி ஜீப்பில் 16 அங்குல ரிம், ஆக்ஸில் 4.88. போர் முடிந்து உழவர்களுக்காக வந்த சிஜே-2ஏ ஜீப்பில் ரிம் 15 அங்குலமாகச் சிறுத்தது, விகிதமோ 5.38-க்கு உயர்ந்தது. வாய்ப்பாட்டின்படி விகிதம் குறைந்திருக்க வேண்டும். ஏர் இழுக்க வேண்டிய வண்டிக்கு அந்தக் கணக்கு போதவில்லை. டயரின் அளவை மட்டும் பார்த்து விகிதம் தேர்வு செய்பவர்கள் இந்த ஜீப்பை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

விகிதத்தை இஷ்டம்போல் உயர்த்த முடியாததற்கு இரும்பே காரணம். ஆக்ஸில் கூண்டுக்குள் கிரவுனின் விட்டம் ஏறத்தாழ நிலையானது. விகிதம் கூடக்கூடப் பினியன்தான் சிறுக்க வேண்டும். 3.73-க்கு 41 பல்லுக்கு 11 பல், 4.56-க்கு 41 பல்லுக்கு 9 பல். இரண்டு பினியன்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரண்டாவதின் தலை கண்ணுக்கே ஒல்லியாகத் தெரியும். அதே முறுக்குவிசையைக் குறைந்த பற்கள் தாங்க வேண்டும். கிளீசன் நிறுவனம் உருவாக்கி, 1920-களின் நடுவில் பேக்கார்டு கார்களில் வந்த ஹைபாய்டு பல்லமைப்பு இந்தச் சிக்கலை ஓரளவு தணித்தது. அதில் பினியன் கிரவுனின் மையக்கோட்டுக்குக் கீழே இறங்கி நிற்பதால் அதைச் சற்றுப் பெரிதாகவே செய்யலாம். விலையாக, பற்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிச் சூடேறுகின்றன. அந்த அழுத்தத்தைத் தாங்கும் தனி எண்ணெய் கட்டாயமானது.

இன்னொரு தடை கிரவுனைத் தாங்கும் கேரியர். டானா 44 ஆக்ஸிலில் 3.73 வரை ஒரு கேரியர், 3.92-இலிருந்து வேறொன்று. 3.55-இலிருந்து 4.10-க்குப் போகிறவர் பற்சக்கரத்தோடு கேரியருக்கும் பணம் கட்ட வேண்டும். நான்கு சக்கர ஓட்டம் என்றால் முன் ஆக்ஸிலுக்கும் இதே செலவு. முன்னும் பின்னும் விகிதம் வேறுபட்டால், கெட்டித் தரையில் 4-வீல் போட்டதும், இரு ஆக்ஸிலுக்கும் விசையைப் பகிரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் இறுகிக்கொள்ளும். பொருத்தும் வேலையும் நிதானம் கேட்பது. பினியனின் ஆழத்தை ஷிம் தகடுகளால் சரிசெய்து, பல்லிடைத் தளர்வை ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் கொண்டுவந்து, மஞ்சள் சாந்து பூசிச் சுழற்றிப் பார்ப்பார்கள். சாந்தின் தடம் பல்லின் நடுவில் விழ வேண்டும். நுனிக்கோ அடிக்கோ ஒதுங்கினால் கழற்றி மறுபடி செய்ய வேண்டும். அப்படியே ஓட்டினால் ஊளைச்சத்தம் நிற்காது.

1973 எண்ணெய் நெருக்கடி திசையைத் திருப்பியது. 55 மைல் வேக வரம்பு வந்தது. 1979 மாடல் ஆண்டிலிருந்து இலகுரக டிரக்குகளுக்கும் எரிபொருள் சிக்கன விதி அமலானது. ஆக்ஸில் எண்கள் சரிந்தன. 1980-களின் ஜிஎம் அரை டன் வண்டிகளில் 3.08, ஏன் 2.73-கூட வந்தது. அப்படிப்பட்ட வண்டிக்குப் பெரிய டயர் மாட்டியவர்கள் ஆக்ஸிலைத் திறக்காமல் தப்ப முடியவில்லை. உரிமையாளர்களே விகிதம் மாற்றும் பழக்கம் பரவியதற்கு இதுவே முதன்மைக் காரணம் என்று கருதுகிறேன்.

அவர்களுக்குத் துணையாக வந்தது 1982-இல் அறிமுகமான ஜிஎம் 700ஆர்4 கியர்பாக்ஸ். முதல் கியர் 3.06, நான்காவது 0.70. அதற்கு முந்தைய மூன்று கியர் டிஎச்350-இல் முதல் கியர் 2.52-தான். பழைய கியர்பாக்ஸ், 3.08 ஆக்ஸில், 31 அங்குல டயர் ஒரு பக்கம். புதிய கியர்பாக்ஸ், 4.10 ஆக்ஸில், 35 அங்குல டயர் மறுபக்கம். கணக்கிட்டால் இரண்டாவது வண்டிக்குப் புறப்படும் இழுவை 43 சதவீதம் கூடுதல். நெடுஞ்சாலையில் இன்ஜின் சுற்றோ முதலாவதைவிடக் குறைவு. இழுவையா சிக்கனமா என்று ஆக்ஸில் ஒன்றே முடிவு செய்த காலம் அங்கே முடிந்தது.

2010 மாடல் ஃபோர்டு ராப்டரில் 35 அங்குல டயரையும் 4.10 ஆக்ஸிலையும் தொழிற்சாலையே சேர்த்துக் கொடுத்தது. ஆறு கியர்களில் முதலாவது 4.17. அடுத்த தலைமுறையில் பத்து கியர், முதலாவது 4.70-ஐத் தொட்டது. 2021-இல் 37 அங்குல டயர் விருப்பத் தேர்வாக வந்தபோதும் ஆக்ஸில் 4.10-இலேயே நின்றது. முதல் கியரையும் சேர்த்துக் கணக்கிட்டால், இந்த 37 அங்குல வண்டி 2010-இன் 35 அங்குல வண்டியைவிடச் சுமார் 7 சதவீதம் கூடுதலாகவே இழுக்கிறது. அதே 2021-இல் வந்த ஃபோர்டு பிராங்கோவின் சாஸ்குவாட்ச் தொகுப்பிலோ 35 அங்குல டயருக்கு 4.70 ஆக்ஸில், மண்ணிலும் பாறையிலும் ஊர்ந்து ஏறுவதற்கென்றே அமைந்த வண்டி அது.

ஆக, பத்து கியர் வண்டிக்கு இரண்டு அங்குலம் பெரிய டயர் போடுகிறவர், டிரெய்லர் இழுக்காதவரை, ஆக்ஸிலைத் தொட வேண்டியதில்லை. டயரில் பொறித்த அளவையும் அப்படியே நம்பக் கூடாது. 35 அங்குலம் என்று விற்கும் 315/70ஆர்17 டயரின் விட்டம் கணக்குப்படி 34.4 அங்குலம்தான், பாரத்தில் அமுங்கும்போது இன்னும் குறையும். மூன்று, நான்கு கியர் கொண்ட பழைய வண்டியின் நிலை வேறு. 35 அங்குல டயரோடு பாரமும் ஏற்றுகிறவர் வாய்ப்பாடு தரும் எண்ணுக்கு ஒரு படி மேலே, 4.56-க்குப் போவதே சரி. புது கேரியரோடு, முன் ஆக்ஸிலையும் சேர்த்து.