தேர்ந்தெடுத்தவர்களும் கேட்கப்படாதவர்களும்

கட்டடக்கலையை ஏன் தொழிலாக எடுத்தீர்கள் என்று கேட்டால், ‘சின்ன வயசிலிருந்தே நல்லா படம் வரைவேன், கணக்கும் வரும்’ என்கிற மாதிரி பதில்தான் பெரும்பாலும் கிடைக்கிறது. இதில் பொய்யில்லை. ஆனால் இந்தப் பதில் தேர்வு என்பதைத் தனிமனித விருப்பமாகச் சுருக்கிவிடுகிறது. தேர்ந்தெடுக்கிற வாய்ப்பு யாருக்கு இருந்தது என்கிற கேள்வி அதற்குள் காணாமல் போய்விடுகிறது. இலங்கையின் இரண்டு கட்டடக்கலைஞர்களை வைத்து இதை யோசிக்கலாம்.

ஜெஃப்ரி பாவா (1919–2003) முதலில் வக்கீல். அது ஒட்டவில்லை, விட்டுவிட்டார். ஊர் சுற்றித் திரும்பி, 1948இல் பெந்தோட்டைக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தை வாங்கினார். அதுதான் லுனுகங்க. தோட்டத்தைத் தன் மனசுப்படி மாற்றியமைக்க இறங்கியபோது, அதற்கான தொழிலறிவு தன்னிடம் இல்லை என்று தெரிந்தது. லண்டன் போய்ப் படித்து 1957இல், 38 வயதில், கட்டடக்கலைஞரானார். பிற்பாடு நாட்டின் நாடாளுமன்றக் கட்டடத்தையே (1982) வடிவமைத்தார். இங்கே நிலம் முதலில் வந்தது, தொழில் அதன் பின்னால் வந்தது.

மினெட் டி சில்வா (1918–1998) கதை வேறு. கண்டிக்காரர். அப்பா அரசியல்வாதி; அம்மா பெண்களின் வாக்குரிமைக்காக உழைத்தவர். பம்பாயில் படிக்கும்போது, 1942இல், காந்தியை விடுதலை செய்யக் கோரிய போராட்டத்தில் கலந்துகொண்டதற்காகக் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டார். பிறகு லண்டனில் படிப்பை முடித்து, 1948இல் ராயல் இன்ஸ்டிட்யூட் ஆஃப் பிரிட்டிஷ் ஆர்க்கிடெக்ட்ஸில் இணை உறுப்பினரான முதல் ஆசியப் பெண் ஆனார். ஊர் திரும்பிக் கண்டியில் கட்டிய கருணாரத்ன வீட்டில் கான்கிரீட்டோடு தும்பர நெசவையும் அரக்கு வேலையையும் சேர்த்தார். புது தேசத்துக்கு ஒரு புது வீடு என்பது அவர் கனவு. ஆனால் அந்தப் பாயை நெய்தவரிடம் ‘ஏன் இந்தத் தொழிலை எடுத்தீங்க?’ என்று யார் கேட்டிருப்பார்கள்? கண்டியின் சாதியமைப்பில் கைவினை பிறப்போடு வருவது.

அதே 1948இல் இன்னொன்றும் நடந்தது. இலங்கைக் குடியுரிமைச் சட்டம் ஏறத்தாழ 7 லட்சம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. அவர்கள் குடியிருந்தது லயன்களில். ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைகள். ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை. லயனுக்கும் வடிவமைப்பு உண்டுதான். வாழ்வதற்கான வடிவமைப்பு இல்லை, ஆட்களை ஓரிடத்தில் வைத்து வேலை வாங்குவதற்கான வடிவமைப்பு. கட்டடக்கலை வரலாறு எழுதுகிறவர்கள் லுனுகங்கவைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு லயனைப் பற்றிப் பேசுவதில்லை.

1950களில் கண்டி வட்டபுலுவவில் அரசு ஊழியர்களுக்கான குடியிருப்பைத் திட்டமிட்டபோது மினெட் ஒரு காரியம் செய்தார். குடிவரப்போகிற சிங்கள, தமிழ், முஸ்லிம், பறங்கியர் குடும்பங்களிடம் கேள்வித்தாள் கொடுத்து, வீடு எப்படி வேண்டும் என்று கேட்டார். தேர்வு என்பதை வரைகிறவரிடமிருந்து குடியிருப்பவர் பக்கம் கொஞ்சம் நகர்த்திய செயல் இது. அவர் இந்தத் தொழிலுக்கு வந்ததன் அர்த்தம் இதில்தான் இருப்பதாக எனக்குப் படுகிறது. என்றாலும் கேட்கப்பட்டவர்கள் உத்தியோகஸ்தர்கள். அந்தக் கேள்வித்தாள் கண்டியைச் சுற்றியுள்ள மலைகளின் லயன்களுக்கு ஏறிப் போகவில்லை.

லயன்களில் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. அங்கேயும் நல்லா படம் வரைகிற, கணக்கு வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி கட்டடக்கலை படிக்கப் போனால், ஏன் இதை எடுத்தாய் என்று அவளிடம் கேட்க வேண்டும். அவள் சொல்லும் காரணம் பாவாவினுடையதாக இருக்காது. மினெட்டினுடையதாகவும் இருக்காது.