தேயிலைத் தோட்டப் பிள்ளைகளும் இலவசப் பாடநூலும்

பகாங் மாநிலத்தின் கேமரன் மலையில் 1929-ஆம் ஆண்டு போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. அங்கே பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கல்வி, தோட்டப் பள்ளிதான். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்திருந்தது. சட்டம் பள்ளியைக் கேட்டதே தவிர, நல்ல பள்ளியைக் கேட்கவில்லை. அக்காலத்தில் மலாயாத் தமிழ்ப்பள்ளிகளின் பாடநூல்கள் பெரும்பாலும் தமிழகத்திலிருந்தே வந்தன. தேயிலைச் செடிகளுக்கிடையே வளர்ந்த பிள்ளை, தான் பார்த்திராத ஊர்களைப் பற்றிப் படித்தது.

1975-ல் பாடநூல் கடனுதவித் திட்டம் வந்தது. இலவசம் என்று சொல்லப்பட்டாலும் இது இரவல்தான். ஆண்டுத் தொடக்கத்தில் பெற்ற நூல்களை ஆண்டு இறுதியில் பள்ளியிடம் திருப்பித் தர வேண்டும். பெற்றோரின் வருமானத்தைப் பார்த்தே நூல்கள் வழங்கப்பட்டன. நான்கைந்து பிள்ளைகள் உள்ள தொழிலாளர் வீட்டில் இது சிறிய உதவி அல்ல. 2008-ல் வருமான வரம்பு நீக்கப்பட்டு எல்லா மாணவர்களுக்கும் நூல்கள் கிடைத்தன.

நூல் கையில் கிடைத்தால் தேர்ச்சி உயருமா? கென்யாவின் மேற்குப் பகுதியில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். 1996-ல் 25 தொடக்கப்பள்ளிகளுக்கு இலவசப் பாடநூல்கள் கொடுத்து, கொடுக்காத பள்ளிகளோடு ஒப்பிட்டார்கள். சராசரி மதிப்பெண் உயரவில்லை. முன்பே நன்றாகப் படித்தவர்கள் மட்டுமே முன்னேறினார்கள். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற மைக்கேல் கிரேமரும் அவருடைய சகாக்களும் 2009-ல் வெளியிட்ட ஆய்வு இது. நூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன. அந்தப் பிள்ளைகளில் பலருக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழி. வாசிக்க முடியாத நூல் இலவசமாகக் கிடைத்து என்ன பயன்?

கேமரன் மலைக்கும் இது தூரத்துக் கதை அல்ல. 2003-ல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் போதிக்கப்படும் கொள்கை தமிழ்ப்பள்ளிகளுக்கும் வந்தது. நகரத்துப் பிள்ளைக்கு வீட்டிலோ டியூஷனிலோ ஆங்கிலம் சொல்லித்தர ஆள் கிடைக்கலாம். தோட்டத்தில் கொழுந்து பறித்துவிட்டு வரும் தாயிடம் பிள்ளை எதைக் கேட்கும்? தமிழிலிருந்த அறிவியல் நூல் என்றால் அவராலும் ஓரளவு எழுத்துக்கூட்டியாவது சொல்லித்தர முடிந்திருக்கும். வீட்டில் இருந்த அந்தக் கொஞ்ச உதவியும் அறுந்துபோனது. வறுமையைக் கணக்கிட்டு நூல் கொடுத்தவர்கள் மொழியைக் கணக்கிடவில்லை.

2003-ல் முதலாம் ஆண்டில் சேர்ந்தவர்கள் ஆறாம் ஆண்டை எட்டி யு.பி.எஸ்.ஆர். தேர்வு எழுதியது 2008-ல். பாடநூல் எல்லாருக்கும் கிடைத்த ஆண்டும் அதுவே. அதற்கு அடுத்த ஆண்டு, ஜூலை மாதம், அந்த ஆங்கிலக் கொள்கையைக் கைவிடுவதாக அரசாங்கம் அறிவித்தது.