ரதியின் ஒப்பாரியும் ஒப்பாரிக் கோச்சியும்

மலையக மக்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் ஆவணங்களிலிருந்தே தொடங்குகின்றனர். தோட்டக் கம்பனிகளின் கணக்கேடுகள், ஆணைக்குழு அறிக்கைகள், குடியுரிமைச் சட்டங்கள், இரு நாட்டுப் பிரதமர்கள் கைச்சாத்திட்ட ஒப்பந்தங்கள் என்று அவை நீளும். அவற்றிலெல்லாம் இம்மக்கள் தொகையாக இருக்கின்றனர், குரலாக இல்லை. அந்தக் குரலைக் கேட்க வேண்டுமானால் மாசி மாதத்தில் ஏதேனும் ஒரு தோட்டத்துக்குப் போய், லயத்து முற்றத்தில் விடிய விடிய நடைபெறும் காமன் கூத்தைப் பார்க்க வேண்டும்.

கதை எல்லோரும் அறிந்ததே. தவத்தில் ஆழ்ந்திருக்கும் சிவனை எழுப்பும்படி தேவர்கள் மன்மதனை ஏவுகின்றனர். தீய கனவு கண்ட ரதி, போக வேண்டாம் என்று கணவனைத் தடுக்கிறாள். அவன் கேளாமல் போகிறான். நெற்றிக் கண்ணின் நெருப்பில் சாம்பலாகிறான். மாசி அமாவாசை கழிந்த மூன்றாம் பிறையில் காமன் கம்பம் நடப்படும். அன்றுமுதல் வேடம் கட்டுவோர் விரதம் காப்பர். பௌர்ணமியையொட்டிய இரவில் காமன் எரிக்கப்படுவான். பின்னர் ரதியின் வேண்டுதலுக்கு இரங்கி உயிர்த்தெழுவான். ஆயினும் புராணத்தின்படி, எழுந்தவன் ரதியின் கண்களுக்கு மட்டுமே தெரிவான்.

இக்கூத்தின் வேர் தமிழகத்தில் உள்ளது. தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் காமன் பண்டிகை நெடுங்காலம் கொண்டாடப்பட்டு வந்தது. காமன் எரிந்தானா இல்லையா என்று ‘எரிந்த கட்சி’, ‘எரியாத கட்சி’ எனப் பிரிந்து லாவணி பாடும் மரபும் அங்கே இருந்தது. 1820களில் கண்டிச் சீமையில் கோப்பித் தோட்டங்கள் தொடங்கப்பட்டபோது, அம்மாவட்டங்களிலிருந்தும் அண்டை மாவட்டங்களிலிருந்தும் மக்கள் கடல் கடந்து வந்து, காட்டு வழியே மலைநாட்டுக்கு நடந்தனர். வழியில் பசியாலும் நோயாலும் மாண்டவர்கள் ஏராளம். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலையைப் பயிரிட்டார். 1869இல் கோப்பிச் செடியைப் பிடித்த இலைநோய் அடுத்த ஆண்டுகளில் அந்தத் தொழிலையே அழிக்க, மலைகள் தேயிலைக்கு மாறின. ஹட்டனுக்கு ரயில் வந்தது 1884இல்தான்.

ஆட்களைத் திரட்டி வந்தவர் கங்காணி. அவர் பெரும்பாலும் தம் உறவினரையும் ஊராரையுமே அழைத்து வந்தார். ஒரு கூத்தை நடத்தப் பாட்டுத் தெரிந்தவர், வேடம் கட்டுபவர், தப்பு அடிப்பவர் என்று பலர் வேண்டும். கங்காணி முறை அவர்களைக் கூட்டமாகவே ஒரே மலைக்குக் கொண்டுவந்து சேர்த்தது. கடனில் கட்டிப்போட்ட அதே முறைதான், தன்னை அறியாமல் ஒரு கலையையும் காப்பாற்றியது.

தப்பைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். தோட்டத்தில் விடியற்காலையில் தொழிலாளரை எழுப்பிப் பிரட்டுக்கு அழைத்தது தப்பொலிதான். சாவுக்கு ஓர் அடி, திருவிழாவுக்கு வேறோர் அடி. அதை அடிப்பது குறிப்பிட்ட சாதியினரின் கடமை என்று சுமத்தப்பட்டிருந்ததையும் மறைப்பதற்கில்லை. ஆண்டு முழுவதும் துரையின் வேலைக்காக மக்களை எழுப்பிய அந்தத் தப்பு, காமன் இரவில் மட்டும் அவர்களை அவர்களுக்காகவே விழித்திருக்கச் செய்தது.

சில ஆண்டுகளுக்கு முன்பு, டிக்கோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இக்கூத்தைப் பல்கலைக்கழக நண்பர் ஒருவருடன் பார்த்தேன். நண்பர் ரொக் இசைப் பித்தர். மாணவப் பருவத்தில் அவரது விடுதி அறையில் பிங்க் ஃப்ளொயிட் குழுவினரின் ஒலிநாடாக்கள் தேயத் தேய ஓடும். 1965இல் லண்டனில் உருவாகி, மேடையில் ஒரே பாட்டை நீட்டி நீட்டி வாசித்துக் கேட்போரை வேறோர் உலகத்துக்குக் கொண்டுபோன ‘சைக்கடெலிக்’ இசையின் முன்னோடிகள் அவர்கள். அக்குழுவில் இருந்த ரொஜர் வோட்டர்ஸ் 2007இல் மும்பாயில் நிகழ்ச்சி நடத்தியபோது, அப்போது இந்தியாவில் பணியாற்றிய நண்பர் நேரில் போய்க் கேட்டிருந்தார். 1973ஆம் ஆண்டின் இசைத்தட்டு ஒன்றை முழுமையாக வாசித்தார்களாம். அறுபது வயதைத் தாண்டியவரின் குரலைக் கேட்டுப் பக்கத்தில் நின்றவர்கள் அழுததை அவர் பலமுறை சொல்லியிருக்கிறார்.

அன்றிரவு கடுங்குளிர். ஆட்டக்காரர்கள் லயம் லயமாக ஆடிச் சென்றனர், நாங்களும் பின்தொடர்ந்தோம். இரவு இரண்டு மணிக்குப் பிறகு தப்பின் அடி மாறவேயில்லை. அந்த மாறாமையே ஒரு மயக்கத்தை உண்டாக்கியது. வீரபத்திரன் வேடம் கட்டியவர் அருள் வந்து, நாலுபேர் பிடித்தும் அடங்காமல் துள்ளினார். “இதுக்குப் போதையே தேவையில்லை மச்சான், இந்தத் தப்பு ஒன்றே போதும்” என்றார் நண்பர். சற்று நேரம் கழித்து, “அங்கே நான் டிக்கெட் வாங்கிப் பார்க்கப் போனவன். இங்கே பார்க்க வந்தவர் என்று நம்மைத் தவிர ஒருவருமில்லை” என்றும் சொன்னார். உண்மைதான். விளக்கு ஏந்தி நின்ற பெண்களும், விழுந்து கும்பிட்ட கிழவரும், தூக்கத்தில் தள்ளாடிய சிறுவரும் கூத்துக்குள்ளேதான் இருந்தனர்.

ரதியாக ஆடியவருக்கு எழுபது வயதிருக்கும். பதினெட்டு வயதில் கட்டிய வேடமாம். காமன் எரிந்ததும் அவர் எடுத்த ஒப்பாரியில் பெண்கள் வாய்விட்டு அழுதனர். விடிந்தபின் வேடம் கலைத்து, சாயத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவரிடம், முதன்முதலில் உங்களோடு மதனாக ஆடியவர் யார் ஐயா என்று கேட்டேன். “அவன் கப்பலேறிப் போயிட்டான் தம்பி. ஒப்பாரிக் கோச்சியிலதான் ஏத்திவிட்டேன். அதுக்கப்புறம் யாரு மதனா ஆடுனாலும் எனக்கு அவன்தான் எரியறான்” என்றார்.

அந்தக் கோச்சியின் கதையை இளைய வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் சார்பில் ஏழுபேர் மலைநாட்டுத் தொகுதிகளிலிருந்து பாராளுமன்றம் சென்றனர். மறுஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்குரிமையும் போயிற்று. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், நாடற்றவராக்கப்பட்டவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவு செய்தது. எஞ்சிய 1,50,000 பேரை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டது 1974இன் ஒப்பந்தம். இவர்களை யாரும் கேட்கவில்லை. ஒரே லயத்தில் அண்ணனுக்கு இந்தியக் கடவுச்சீட்டும் தம்பிக்கு இலங்கைப் பிரசாவுரிமையும் கிடைத்தன. மலைநாட்டு ரயில் நிலையங்களிலிருந்து தலைமன்னார் நோக்கிப் புறப்பட்ட ரயிலைப் பற்றிக்கொண்டு உறவினர் கதறியதால், அதற்கு ஒப்பாரிக் கோச்சி என்று மக்களே பெயரிட்டனர். நாடற்றோர் பிரச்சினைக்கு எஞ்சியிருந்தோருக்கும் குடியுரிமை வழங்கித் தீர்வுகண்ட சட்டம் வந்தது 2003இல்.

இப்போது ரதியின் கதையை மீண்டும் எண்ணிப் பாருங்கள். மேலிடத்திலிருந்து ஓலை வருகிறது. போகாதே என்று மனைவி மன்றாடுகிறாள். போனவன் திரும்பவில்லை. எவர் கண்ணுக்கும் தெரியாமல் அவள் கண்ணுக்கு மட்டும் இருக்கிறான். காட்டு வழியில் மாண்டோரையும், கப்பலேறிப் போனோரையும் நினைத்து அழ இம்மக்களுக்கு நினைவுத்தூண் எதுவும் எழுப்பப்பட்டிருக்கவில்லை. ரதியின் ஒப்பாரிதான் இருந்தது. இக்கூத்து மலையகத்தில் இத்தனை காலம் நிலைத்ததற்குப் பக்தி மட்டும் காரணமன்று என்பதே என் துணிபு.

தலவாக்கலைத் தொகுதியில் 1947இல் வென்ற சி. வி. வேலுப்பிள்ளை, தோட்டப் பாடல்களைத் தேடித் தொகுத்தவர். அத்தொகுப்பு நூலாகவும் வெளிவந்தது. பாட்டை ஏட்டில் ஏற்றலாம். இரவை எப்படி ஏற்றுவது? இன்று காமன் கூத்தை மண்டப மேடைகளில் அரைமணி நேர நிகழ்ச்சியாகச் சுருக்கி அளிக்கின்றனர். கலையை அறியாதவருக்கு அறிமுகம் செய்ய அது உதவலாம். ஆனால், அந்த அரைமணியில் அருள் வராது, அழுகையும் வராது. விடியும்வரை தாங்கி நின்றவருக்கே ரதியின் துயரம் தம் துயரமாகிறது.

2023இல் ‘மலையகம் 200’ நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மக்கள் நடந்தனர். முன்னோர் நடந்த வழியைக் கால்களால் நினைவுகூர்ந்த நல்ல முயற்சி அது. அதே அக்கறையை இக்கூத்தின்மீதும் வைக்க வேண்டும். தோட்டத்து இளைஞர்கள் கொழும்பில் கடைகளிலும் ஹோட்டல்களிலும் வேலை செய்கின்றனர். மாசி மாதத்தில் நான்கு நாள் விடுமுறை கிடைத்தால்தான் அவர்களால் வேடம் கட்ட முடியும். முதிய ஆட்டக்காரரின் ஒப்பாரியை வரி பிசகாமல் ஒலிப்பதிவு செய்வதும், அதைக் கற்க விரும்பும் ஓர் இளைஞனின் பயணச் செலவை ஏற்பதும் பெரிய காரியங்களல்ல. வெளிநாடுகளில் வாழும் மலையகத்தவர் தம் சொந்தத் தோட்டத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்து, இவ்வாண்டு கம்பம் நட்டார்களா என்று கேட்டாலே போதும். மற்றதை அவர்கள் சொல்வார்கள்.